நேற்று வெட்டிய இலையை இன்று ஏன் தொடவில்லை?

கூண்டில் வளரும் இலைவெட்டி எறும்புகளின் இரைத் தேர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 1990களில் இலைவெட்டி எறும்புகளை ஆய்வகத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சோதனைக்காக அவற்றின் முன்னால் ஆரஞ்சுத் தோல் துணுக்குகள் வைக்கப்பட்டன. ஆரஞ்சு என்றால் இந்த எறும்புகளுக்கு உயிர். வைத்ததும் வரிசை பிடித்து வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குள் போயின. அந்தத் துணுக்குகளில் சைக்ளோஹெக்ஸிமைட் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்திருந்தது. எறும்புகளுக்கு அதன் மணமும் தெரியவில்லை, சுவையும் தெரியவில்லை. எந்தத் தயக்கமும் இல்லாமல் சுமந்தன.

அப்புறம் வரவு குறைந்தது, பிறகு நின்றே போனது. நச்சு கலந்த துணுக்கை மட்டும் ஒதுக்கியிருந்தால் இது பெரிய செய்தியாக இருந்திருக்காது. பூஞ்சைக்கொல்லி துளியும் படாத சுத்தமான ஆரஞ்சுத் தோலை வைத்தாலும் அவை தொடவில்லை. மறுப்பு ஒரு நாள், இரண்டு நாளில் தீரவில்லை, வாரக்கணக்கில் நீடித்தது. எறும்புகளுக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு இலையைக் கொடுத்தால் வழக்கம்போல வெட்டின.

ரிட்லி, ஹவ்ஸ், ஜாக்சன் ஆகிய மூவரும் 1996இல் இதை வெளியிட்டார்கள். இலைவெட்டி எறும்பை வளர்ப்பவர்கள், வளர்க்க நினைப்பவர்கள், காட்சிக்கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப்புறம் அந்தப் பச்சை ஊர்வலத்தைப் பார்த்து நின்றவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டிய நிகழ்வு இது என்று நினைக்கிறேன். ‘என் எறும்புகள் நேற்று வரை இந்த இலையைத் தின்றன, இன்று சீண்டக்கூட மாட்டேன் என்கின்றன’ என்பது வளர்ப்பவர்களின் வழக்கமான புலம்பல். அந்த ஒற்றை வாக்கியத்திலேயே இரண்டு பிழைகள் இருக்கின்றன. எறும்புகள் இலையைத் தின்னவில்லை. மறுத்ததும், அடிப்படையில் பார்த்தால், எறும்புகள் அல்ல.

வெட்டுவது ஒருவர், உண்பது இன்னொருவர்

நம் ஊரில் இந்த எறும்புகள் கிடையாது. மாமரத்தில் இலைகளை ஒட்டவைத்துக் கூடு கட்டும் முசுறு வேறு. ரோஜா இலையின் ஓரத்தை வட்டமாக நறுக்கிக்கொண்டு போவது ஒரு தேனீ. உண்மையான இலைவெட்டி எறும்புகளில் ஆட்டா, அக்ரோமிர்மெக்ஸ் என்ற இரண்டு பேரினங்கள் பெயர்பெற்றவை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதி முதல் அர்ஜென்டினா வரையிலான நிலம்தான் அவற்றின் சொந்த வீடு. டிரினிடாடில் பச்சாக் என்பார்கள், பிரேசிலில் சாவுவா.

இவை இலையை வைத்து என்ன செய்கின்றன என்பது நீண்ட காலம் புதிராக இருந்தது. தின்கின்றன என்றார்கள் சிலர், கூரை வேய்கின்றன என்றார்கள் வேறு சிலர். நிக்கராகுவாவில் சுரங்கப் பொறியாளராக வேலை பார்த்த தாமஸ் பெல்ட் கூடுகளைத் தோண்டிப் பார்த்துவிட்டு, இலை வெறும் எரு, அதன்மேல் எறும்புகள் ஒரு பூஞ்சையை வளர்த்து உண்கின்றன என்று 1874இல் எழுதினார். பிரேசிலின் புளூமெனாவ் பகுதியில் அந்தத் தோட்டங்களை நுணுக்கமாக ஆராய்ந்து ஆல்ஃபிரட் மொல்லர் 1893இல் அதை உறுதி செய்தார்.

மழைக்காலத்தில் புற்றுக்காளான் பறித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இது புரிவது சுலபம். கறையானும் புற்றுக்குள்ளே பூஞ்சைத் தோட்டம் வைத்திருக்கிறது. நாம் பறிக்கும் காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வெளியே எட்டிப்பார்க்கும் பகுதி. கறையான் பெரும்பாலும் காய்ந்த சருகையும் மரத்தூளையும் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறது. இலைவெட்டி எறும்பு பச்சை இலையைக் கொண்டுபோகிறது. பச்சை இலை என்றால் அந்த மரம் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் விரட்டத் தயாரித்து வைத்திருக்கும் வேதிப்பொருள்களும் கூடவே வரும். சிக்கலுக்கு விதை அங்கேதான் விழுகிறது.

லியூகோஅகாரிகஸ் கோங்கிலோஃபோரஸ் என்ற அந்தப் பூஞ்சை, இழைகளின் நுனியில் சின்னஞ்சிறு உருண்டைகளாகத் திரள்கிறது. இளம்புழுக்களுக்கு அதுதான் முழுச் சாப்பாடு. வளர்ந்த எறும்புகளும் அதைத்தான் சாப்பிடுகின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரில் குவின்லன், செரெட் என்ற இருவர் ஆட்டா செஃபலோட்டஸ் இனத்தை வைத்து அளந்து பார்த்தார்கள். வேலைக்கார எறும்பு செலவிடும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம்தான் பூஞ்சையிலிருந்து கிடைக்கிறது என்று 1979இல் சொன்னார்கள். இதை முதல்முறை படித்தபோது எண்ணைத் தவறாக வாசித்துவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தேன். மீதி எங்கிருந்து வருகிறது? இலையை வெட்டும்போது விளிம்பில் கசியும் சாற்றை எறும்பு அங்கேயே நக்கிக் குடித்துவிடுகிறது.

ஆக, ஒரே இலைக்கு இரண்டு வாய்கள். வெட்டுகிற எறும்புக்குக் கூலி கைமேல் கிடைத்துவிடுகிறது: சாறு இனித்தால் நல்ல இலை. தோட்டத்துக்கும் அதை நம்பியிருக்கும் புழுக்களுக்கும் அந்த இலை ஆகுமா ஆகாதா என்பது ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். சவுத்தாம்ப்டன் எறும்புகள் முதலில் ஆசையாகச் சுமந்ததும் பிறகு கைவிட்டதும் இந்த இடைவெளியில் நடந்த கதை.

கூண்டுக்குள் இரை தேடுவது எப்படி

கூண்டு என்றால் பெரும்பாலும் மூன்று பெட்டிகளும் அவற்றை இணைக்கும் குழாய்களும்தான். ஒன்றில் தோட்டம், ஒன்றில் இரை வைக்கும் மேடை, ஒன்றில் குப்பை. குப்பைப் பெட்டியை நாம் வைக்காவிட்டாலும் அவையே ஒரு மூலையைக் குப்பைமேடாக்கிக்கொள்ளும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக வளரும் பனாமா நாட்டு அக்ரோமிர்மெக்ஸ் கூடுகளை ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 70 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருக்கிறார்கள். தீவனம் பிராம்பிள் என்ற முட்செடியின் இலை, ஆப்பிள் துண்டு, அரிசி. ஆமாம், நாம் சமைக்கிற அதே அரிசிதான், வேகவைக்காமல். மாவுச்சத்தைப் பூஞ்சை நன்றாக எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் பிராம்பிளும் வேலிச்செடியான பிரிவெட்டும் இவ்வளவு பேர் கையாள்வதற்குக் காரணம் எளியது. குளிர்காலத்தில் மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது இவற்றில் கொஞ்சமாவது இலை மிஞ்சியிருக்கும்.

கூண்டில் பாலம் அரை மீட்டர்தான் இருக்கும், காட்டில் பாதை நூறு மீட்டரைத் தாண்டும். ஆனால் எறும்பு தன் வேலை முறையை அதற்காகச் சுருக்கிக்கொள்வதில்லை. முதலில் சில சாரணர்கள் வந்து முகர்ந்து போகும். பிடித்திருந்தால் வயிற்றுநுனியைத் தரையில் தொட்டு மணத்தடம் இட்டபடி திரும்பும். அடுத்து வரும் கூட்டம் வந்த தகவலுக்கு ஏற்ப நடந்துகொள்கிறது. ஃபிளாவியோ ரோசெஸ், யோசுவே நூன்யெஸ் இருவரும் 1993இல் காட்டியது எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று. சாரணருக்கு இனிப்பு அதிகமான கரைசலைக் கொடுத்தால், அது அழைத்து வரும் எறும்புகள் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டு வேகமாக ஓடுகின்றன. இனிப்பு குறைவென்றால் பெரிய துண்டாக நிதானமாக வெட்டுகின்றன. நல்ல சரக்கு கிடைத்தால் சுமை பெரிதாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். நல்ல செய்தி சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும், இன்னும் பல கால்கள் கிளம்ப வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு.

வெட்டுவதும் லேசான வேலை இல்லை. ரோசெஸும் லைட்டனும் 1995இல் அளந்தபடி, இலை வெட்டும்போது எறும்பின் ஆற்றல் செலவு சும்மா இருக்கும்போது ஆவதைப்போல் 31 மடங்கு. பறக்கும் பூச்சிகளின் சிறகுத் தசைக்கு ஈடான உழைப்பு அது. வெட்டும்போதே வயிற்றுப் பகுதியை உரசி அதிர்வு எழுப்புகிறது. அது தாடை வரை பரவி, குழைகிற இளம் இலை நழுவாமல் வெட்டுப்பட உதவுகிறது. அதே அதிர்வு செடி வழியாகப் பரவிப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு ‘இங்கே வா’ என்ற அழைப்பாகவும் ஆகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போம். இங்கே இலையை வெட்ட வெட்ட எறும்பின் பல்தான் தேய்கிறது. தேய்ந்த பல்லோடு வெட்ட நேரமும் ஆற்றலும் இரட்டிப்பாகச் செலவாவதால், மூத்த எறும்புகள் வெட்டுவதை விட்டுவிட்டுச் சுமக்கப் போய்விடுகின்றன. கூண்டில் மொத்தமான, முற்றிய இலையாகவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஹார்வர்டில் எட்வர்ட் வில்சன் தன் ஆய்வகக் கூட்டங்களை வைத்து 1980இல் எழுதியபடி, இலையை மிகச் சிக்கனமாக வெட்டுவது தலை அகலம் 2.0 முதல் 2.2 மில்லிமீட்டர் வரை உள்ள எறும்புகள். உள்ளே வந்த துண்டை அவற்றைவிடச் சிறியவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்குகளாக நறுக்கும், இன்னும் சிறியவை மென்று கூழாக்கும். அதன்மேல் தம் கழிவுத் துளியைத் தெளித்துத் தோட்டத்தில் பதிக்கும். பழைய தோட்டத்திலிருந்து ஒரு கொத்து இழையைப் பிடுங்கி, நாற்று நடுவதுபோல அதில் நடும். கழிவுத் துளியை அருவருப்பாக நினைக்க வேண்டாம். பூஞ்சையை உண்ணும்போது அதன் நொதிகள் எறும்பின் குடலில் அழியாமல் கடந்து, புதுக் கூழில் போய்ச் சேர்கின்றன. பூஞ்சை தன் செரிமானச் சாற்றை எறும்பின் வயிறு வழியாகப் புது நிலத்துக்கு அனுப்புகிறது என்றே சொல்லலாம். கடைசியில் நின்று களை எடுக்கும் தோட்டக்காரிகள் தூசி அளவே இருப்பவை. அவை இரை மேடைக்கு வருவது அரிது. இலையின் தலையெழுத்தை முதலில் தெரிந்துகொள்பவை அவைதான்.

விஷ இரை ஏன் தோற்றது

சவுத்தாம்ப்டன் சோதனைக்குப் பின்னால் ஒரு விவசாயப் பிரச்சினை இருக்கிறது. இந்த எறும்புகள் தென் அமெரிக்காவிலும் கரீபியனிலும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களையும் யூக்கலிப்டஸ் காடுகளையும் மொட்டையடிப்பவை. அவற்றை ஒழிக்க, சாறு பிழிந்த ஆரஞ்சுச் சக்கையை உலர்த்தி நஞ்சு கலந்து பாதையோரம் போடுவது பரவலான முறை. எறும்பே நஞ்சைத் தன் வீட்டுக்குச் சுமந்துபோகும். நஞ்சு உடனே கொல்லக் கூடாது. சுமப்பவரை வழியிலேயே கொன்றால் மருந்து கூட்டுக்குள் பரவாது. எறும்பைக் கொல்வதற்குப் பதில் அதன் பூஞ்சையைக் கொன்றால் என்ன என்ற யோசனை நியாயமாகவே எழுந்தது. பூஞ்சைக்கொல்லி எறும்பைத் துன்புறுத்தாது, அதனால் சந்தேகமும் வராது.

அந்தக் கணக்குதான் தப்பியது. பூஞ்சை வாட ஆரம்பித்ததுமே எறும்புகள் இரையை நிறுத்திவிட்டன. பூஞ்சைக்குத் தீங்கு நேரும்போது அதிலிருந்து ஏதோ ஒரு வேதிக் குறிப்பு வெளிப்படுகிறது, தோட்டக்காரிகள் அதை உணர்கிறார்கள், அது இரை தேடுபவர்களின் நடத்தையை மாற்றுகிறது என்று சவுத்தாம்ப்டன் குழு கருதியது. எறும்பு பூஞ்சையை வளர்க்கிறது என்று நூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்தோம். பூஞ்சையும் எறும்பை மேய்க்கிறது என்று இந்த நிகழ்வு சொன்னது.

காட்டில் இதற்கு நேர் இணை உண்டு. கோஸ்டாரிகாவில் ஹைமெனேயா என்ற மரத்தின் இலைகளை ஆட்டா எறும்புகள் தவிர்ப்பதை ஹப்பெல், வீமர் குழுவினர் ஆராய்ந்து, அந்த இலையில் உள்ள ஒரு டெர்பீன் பொருள் பூஞ்சைக்குக் கொல்லி என்று 1983இல் காட்டினார்கள். சைக்ளோஹெக்ஸிமைட் மனிதன் போட்ட வேஷம். மரங்கள் அந்த வேலையை எப்போதோ ஆரம்பித்துவிட்டன.

ஒன்றைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மணத்திலேயே ஆகாது என்று தெரியும் இலையை எறும்பு முதல் முகர்விலேயே விட்டுவிடும், அது நேரடி மறுப்பு. சவுத்தாம்ப்டனில் நடந்தது தாமத மறுப்பு: முதலில் சம்மதம், பிறகு அனுபவம், அதன் பின் மறுப்பு. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஹெர்ட்ஸ், ஹோல்டோப்ளர், ரோசெஸ் மூவரும் ஆட்டா கொலம்பிகா கூடுகளில் இதைக் காட்டிலேயே பார்த்து 2008இல் எழுதினார்கள். ஆய்வகப் பெட்டியின் செயற்கைச் சூழல் கிளப்பிய கோளாறு என்று இதை ஒதுக்க முடியாமல் போனது அதனால்தான்.

குப்பைமேட்டில் கிடைக்கும் பாடம்

சரி, தோட்டம் வாடுகிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிகிறது. வெளியே வெட்டிக்கொண்டிருப்பவருக்கு ‘அந்த இலைதான் காரணம்’ என்று எப்படித் தெரியும்? ஒரே நாளில் மூன்று வகை இலை உள்ளே போயிருக்கலாமே?

இதற்கு விடை தேடியவர்கள் பெரும்பாலும் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரோசெஸின் குழுவினர். இணைப்பது இலையின் மணம் என்று சாவர்ஷெக்கும் ரோசெஸும் காட்டினார்கள். தோட்டத்தில் எந்த இடத்தில் பூஞ்சை நலிகிறதோ அங்கே எந்த இலையின் வாசம் இருக்கிறதோ அதை எறும்பு நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த இலையைத் தன் வாழ்நாளில் வெட்டியே இராத எறும்பும், தோட்டத்தில் அதைச் சந்தித்திருந்தால் போதும், வெளியே வரும்போது அதை ஒதுக்கும். நினைவு வாரக்கணக்கில் நிற்கிறது.

அதற்குப் பிறகு வந்ததுதான் என்னை உட்காரவைத்த கண்டுபிடிப்பு. ஆந்த்ரேஸ் அரேனாஸும் ரோசெஸும் குப்பைமேட்டைக் கவனித்தார்கள். கெட்டுப்போன தோட்டப் பகுதியை எறும்புகள் வெட்டியெடுத்துக் குப்பையில் கொட்டுகின்றன. அங்கே வேலை செய்யும் எறும்புகளுக்குத் தோட்டத்தோடு நெருங்கிய உறவு கிடையாது. நோய் பரவாமலிருக்க அவை ஒதுங்கியே இருப்பவை. பூஞ்சையைக் கெடுத்த இலையின் கழிவு குப்பைமேட்டில் கிடந்தாலே போதும், அங்கேயே அந்த இலை ஆகாது என்று எறும்புகள் கற்றுக்கொள்கின்றன என்று 2017இல் வெளியிட்டார்கள். எது தவறு என்ற செய்தி தோட்டத்தில் மட்டும் இல்லை, வீசியெறிந்ததிலும் இருக்கிறது.

வளர்ப்பவர் இதை எப்படி எடுத்துக்கொள்வது

இலைவெட்டி எறும்புகள் ஒரே இலையில் சலிப்படைந்துவிடும், அதனால் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார்கள். மாற்றிக் கொடுப்பது நல்லதுதான். காரணம் சலிப்பு என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஒரே ஒரு வகை இலையை நம்பியிருக்கும் கூண்டில் அந்த இலைமேல் தாமத மறுப்பு விழுந்தால், தோட்டத்துக்கு வேறு சோறு இல்லை. எறும்புகள் மறுப்பில் உறுதியாக நிற்கும், தோட்டம் பட்டினியில் சுருங்கும். இரண்டு மூன்று வகை எப்போதும் புழக்கத்தில் இருந்தால் ஒன்று தடைப்பட்டாலும் மற்றது தாங்கும்.

கடையில் வாங்கிய ரோஜா, பூங்கொத்து இலை, சாலையோர வேலி ஆகியவற்றில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. பூச்சிக்கொல்லி தெளித்திருந்தால் எறும்பு செத்து விழும், காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பூஞ்சைக்கொல்லி தெளித்த இலை அப்படிக் காட்டிக்கொடுக்காது. ரோஜாவுக்கு வெண்சாம்பல் நோயும் கரும்புள்ளியும் வரும் என்பதால் அதற்குப் பூஞ்சைக்கொல்லி அடிப்பது சகஜம். எறும்புகள் சந்தோஷமாக வெட்டும், வளர்ப்பவரும் சந்தோஷப்படுவார். ஆகவே எறும்புகள் ஒரு இலையை ஆர்வமாக எடுத்தன என்பதை அந்த இலைக்கான நற்சான்றாகக் கொள்ள முடியாது. புது இலை என்றால் முதலில் நாலைந்து மட்டும் வைத்து, இரண்டு நாள் இரை மேடையை விட்டுவிட்டுக் குப்பைப் பெட்டியைப் பார்க்க வேண்டும். வழக்கமான குப்பை, சத்து உறிஞ்சப்பட்டு வெளுத்த பழுப்புத் தூளாக இருக்கும். இன்னும் பச்சை மாறாத துணுக்குகளோ வெண்ணிற இழை ஒட்டிய தோட்டத் துண்டுகளோ வெளியே வர ஆரம்பித்தால் உள்ளே ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை.

பழங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்பிளும் ஆரஞ்சும் வைத்தால் கூட்டம் அலைமோதும், வளர்ப்பவருக்கும் பார்க்க நன்றாக இருக்கும். அந்த ஆர்வத்தில் பெரும்பங்கு பெரிய எறும்புகளின் சொந்தத் தாகம், சாறு குடிக்கும் ஆசை. தோட்டம் பெருக இலையும் வேண்டும். பழத்தை விருந்தாகவும் இலையைச் சோறாகவும் வைத்துக்கொள்வதே சரி என்று தோன்றுகிறது.

மறுப்பு விழுந்த பிறகு அதே இலையை நாள்தோறும் வைத்து வற்புறுத்துவதில் பயனில்லை. அதை அகற்றிவிட்டு, குப்பையையும் அள்ளிவிட்டு, வேறு இலைக்கு மாற வேண்டும். பாடம் படித்த எறும்புகள் வயதாகி மறைந்து, அந்த வாசத்தோடு எந்தப் பகையும் இல்லாத புதியவர்கள் இரை தேட வரச் சில மாதங்கள் ஆகும். அப்போது தெளிப்பு எதுவும் படாத செடியிலிருந்து ஒரே ஒரு இலையைப் பறித்து, நன்றாகக் கழுவி, மேடையின் ஓரத்தில் வைத்துப் பார்க்கலாம்.